வெல்வெட்டின் மீது விழுந்த பழி

சென்ற ஆண்டு நம் கழகத்தின் கலை இரவு நாடகத்திற்கு உடை தைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மன்னர் வேடத்திற்கு ஒரு மேலங்கி வேண்டும். மஸ்ஜித் இந்தியா சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி, மீட்டர் 12 ரிங்கிட் விலையில் கரும்பச்சை வெல்வெட் துணி 4 மீட்டர் வாங்கி வந்தோம். விடுதி அறையில் துணியை விரித்து வெட்டத் தொடங்கியபோது அறைத்தோழி பதறிப் போனாள்.

"பச்ச வெல்வெட்டா? அந்தக் காலத்துல இங்கிலாந்துல பச்ச வெல்வெட் போட்ட சீமாட்டிங்க எல்லாம் விஷம் ஏறிச் செத்துப் போனாங்களாம். ஒனக்குத் தெரியாதா?"

நாடகம் நல்லபடியாக நடந்தேறியது. மன்னருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தோழி சொன்னது மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. துணிக்கும் விஷத்திற்கும் என்ன தொடர்பு? அதிலும் ஏன் பச்சை? தேடிப் படித்தேன். தோழி சொன்னதில் பாதி உண்மை. விஷம் இருந்தது உண்மை. உயிர் போனதும் உண்மை. ஆனால் குற்றவாளி வெல்வெட் அல்ல. உயிரை விட்டவள் சீமாட்டியும் அல்ல. அந்தக் கதையைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வெல்வெட் என்பது எது?

முதலில் ஒரு தெளிவு. வெல்வெட் என்பது நூலின் பெயரன்று. நெசவு முறையின் பெயர். பட்டிலும் வெல்வெட் உண்டு, பருத்தியிலும் உண்டு. இன்று நாம் மலிவாக வாங்குவது பெரும்பாலும் பாலியெஸ்டர் வெல்வெட்.

சாதாரணத் துணிக்குத் தறியில் ஒரு பாவு போதும். வெல்வெட்டுக்கு இரண்டு பாவு வேண்டும். ஒன்று அடித்துணியை உருவாக்கும். மற்றொன்றை நெசவாளர் மெல்லிய உலோகக் கம்பிகளின் மேல் வளைத்து வளைத்து ஏற்றுவார். கம்பியின் முதுகில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் வழியே கத்தியை ஓட்டினால் வளையங்கள் அறுபட்டு, நூல்முனைகள் புல்வெளி போல எழுந்து நிற்கும். அதுதான் நம் விரலுக்கு மென்மையாகப் படுகிறது. இந்த இரண்டாவது பாவுக்கு, நெய்யும் துணியின் நீளத்தைப் போலப் பல மடங்கு நூல் செலவாகும். கம்பியை நுழைப்பது, அறுப்பது, எடுப்பது என ஒவ்வொரு வரிக்கும் நேரமும் செலவாகும். இத்தாலியின் லூக்கா, வெனிஸ், புளோரன்ஸ், ஜெனோவா நகரங்கள் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் பட்டு வெல்வெட்டால் செல்வம் சேர்த்தன என்றால் அதற்குக் காரணம் இந்த உழைப்பும் பட்டின் விலையும்தான்.

வெல்வெட்டில் நிறம் ஏன் அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது? நிமிர்ந்து நிற்கும் நூல்முனைகளின் இடையே ஒளி புகுந்து அங்கேயே பெருமளவு அடங்கிவிடுகிறது. வெளியே திரும்புவது குறைவு. கையால் தடவி நூல்முனைகளைச் சாய்த்தால் அதே துணி ஓரிடத்தில் கறுத்தும் ஓரிடத்தில் வெளுத்தும் தெரிவது இதனால்தான். தைக்கும்போது எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும் என்பதை நான் ஒரு கையைத் தலைகீழாக வெட்டிக் கெடுத்த பிறகே கற்றுக்கொண்டேன்.

இத்தனை விலையுள்ள துணியை யார் வேண்டுமானாலும் உடுத்த முடியாது. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியார் 1574-இல் வெளியிட்ட உடை ஆணையில், சிவப்பு வெல்வெட் உயர்குடிப் பிரபுக்களுக்கும் அவர்களுக்கு இணையான தகுதியுடையோருக்கும் மட்டுமே என்று கட்டளை இருந்தது. நம் தேசிய மொழியிலும் இந்தத் துணியின் பயணம் பதிந்திருக்கிறது. மலாய் மொழியில் வெல்வெட்டுக்கு 'பல்டு' என்று பெயர். அது 'வெலுடோ' என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. கடைப் பலகைகளில் 'கைன் பல்டு' என்று பல முறை படித்திருக்கிறேன். அதற்குள் இவ்வளவு தூரம் அடங்கியிருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

இலையில் கிடைக்காத பச்சை

சுற்றிலும் பார்த்தால் எல்லாம் பச்சை. காடு பச்சை, வயல் பச்சை, புல் பச்சை. அப்படியிருக்க, துணிக்குப் பச்சை ஏற்றுவது எளிதாகத்தானே இருந்திருக்க வேண்டும்? உண்மை நேர்மாறானது. இலைக்குப் பச்சை தருவது பச்சையம். அதை அரைத்துத் துணியில் தேய்த்தால் கறை ஆகுமே தவிர, நிலையான சாயம் ஆகாது. துவைத்தால் போகும், வெயிலில் வெளுக்கும்.

ஆகவே ஐரோப்பியச் சாயக்காரர்கள் பச்சைக்கு இரண்டு முறை உழைத்தார்கள். முதலில் நீலம். 'வோட்' என்னும் செடியின் இலையிலிருந்து நீலம் எடுத்தார்கள். நம் அவுரிச் செடியில் உள்ள அதே நீலப்பொருள்தான் அதிலும் உண்டு. அளவு மட்டும் குறைவு. பிறகு மஞ்சள். 'வெல்டு' என்னும் செடியைக் கொதிக்க வைத்து மஞ்சள் சாறு எடுத்து, அது நூலைப் பற்றிக்கொள்ளப் படிகாரம் சேர்த்தார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறியதும் துணி பச்சையாகும். ஆங்கிலக் கதைகளில் ராபின் ஹூட் உடுத்தும் புகழ்பெற்ற 'லிங்கன் பச்சை' இவ்வாறு பிறந்ததுதான். யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்பினி தம்பதியர் ஓவியத்தில் அந்த மனைவி உடுத்தியிருக்கும் அகன்ற பச்சை அங்கியைப் பார்த்தால், அது ஒரு செல்வர் வீடு என்பதை அந்த உடையே சொல்லிவிடும்.

இந்தப் பச்சைக்கு ஒரு குறை உண்டு. நீலம் நிற்கும்; மஞ்சள் ஓடிவிடும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சித்திரத் திரைச்சீலைகளில் மரங்களின் இலைகள் நீலமாகத் தெரியும். நெசவாளர்கள் நீல மரம் நெய்யவில்லை. அவர்கள் நெய்தது பச்சை மரம்தான். நூற்றாண்டுகளில் மஞ்சள் மறைந்து நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது.

பளிச்சென்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் மங்காமல், ஒரே முறையில் கிடைக்கும் ஒரு பச்சை வேண்டும் என்று உலகம் ஏங்கிக் கொண்டிருந்தது. அந்த ஏக்கத்திற்கு விடை ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

பாஷாணத்தில் பிறந்த பச்சை

சுவீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1775-இல் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை நிறப்பொடியைக் கண்டுபிடித்தார். 'ஷீலே பச்சை' என்று அது பெயர் பெற்றது. பின்னர் 1814-இல் ஜெர்மனியின் ஷ்வைன்பர்ட் நகரில் இதைவிட ஒளிமிக்க, எளிதில் மங்காத மற்றொரு பச்சை உருவானது. அதுவும் செம்பும் ஆர்சனிக்கும் கலந்ததுதான். மரகதப் பச்சை, பாரிஸ் பச்சை, வியன்னா பச்சை எனப் பல பெயர்களில் அது ஐரோப்பா முழுவதும் விற்பனையானது.

ஆர்சனிக் என்பது நம் பாட்டிமார் கதைகளில் வரும் பாஷாணமேதான். வெள்ளைப் பாஷாணம் என்பது அதன் ஆக்சைடு. செம்பு முதலிய உலோகத் தாதுக்களை வறுக்கும்போது துணைப்பொருளாகக் கிடைத்ததால் அதன் விலை மிகக் குறைவு. சுவர்த்தாள், செயற்கைப் பூக்கள், பொம்மை, மெழுகுவர்த்தி என எங்கு பார்த்தாலும் இந்தப் பச்சை பரவியது.

இங்கேதான் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சாயம் வேறு, நிறப்பொடி வேறு. சாயம் நீரில் கரைந்து நூலுக்குள் புகுந்து அதைப் பற்றிக்கொள்ளும். நிறப்பொடி கரையாது, நூலைப் பற்றாது. அதைக் கஞ்சிப்பசையில் குழைத்துத் துணியின் மேல் பூச வேண்டும். மரகதப் பச்சை ஒரு நிறப்பொடி. ஆகவே அது பெரும்பாலும் ஏறியது வலை போன்ற மெல்லிய பருத்தித் துணியிலும், தலையில் சூடும் செயற்கை இலைகளிலும், தாளிலும்தான். நிமிர்ந்து நிற்கும் நூல்முனைகளை உடைய பட்டு வெல்வெட்டின் மேல் கஞ்சியைப் பூசினால் அதன் அழகே பாழாகிவிடும். பட்டையும் கம்பளியையும் வழக்கம்போல் சாயத் தொட்டியில் முக்கியே பச்சையாக்கினார்கள். என் அறைத்தோழி சுமத்திய பழியிலிருந்து வெல்வெட் தப்பியது இப்படித்தான்.

கஞ்சியால் ஒட்டிய பொடி காய்ந்தால் உதிரும். நடனமாடினால் இன்னும் உதிரும். உதிர்ந்த பொடி மூச்சில் போகும், வியர்வையில் கரையும், விரல் வழியாக வாய்க்குப் போகும்.

மெட்டில்டா என்ற பத்தொன்பது வயதுப் பெண்

லண்டனில் மெட்டில்டா ஷூரர் என்ற பெண் செயற்கைப் பூக்கள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்தாள். வயது 19. செயற்கை இலைகளின் மேல் பச்சைப் பொடியைத் தூவி ஒட்டச் செய்வது அவள் வேலை. அந்தப் பட்டறையில் ஏறக்குறைய 100 பேர் வேலை செய்தனர்.

1861 நவம்பர் 20-ஆம் நாள் அவள் இறந்தாள். இறப்பதற்கு முன் பச்சையாக வாந்தி எடுத்தாள். விழியின் வெண்மைப் பகுதி பச்சையாக மாறியிருந்தது. பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிவதாக மருத்துவரிடம் சொன்னாள். உடலைப் பரிசோதித்தபோது வயிற்றிலும் ஈரலிலும் நுரையீரலிலும் ஆர்சனிக் இருந்தது.

லண்டனில் இயங்கிய மகளிர் சுகாதாரச் சங்கம் இந்தச் சாவைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. சங்கத்தின் வேண்டுகோளின்படி வேதியியல் பேராசிரியர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோப்மன் செயற்கை இலைகளைச் சோதித்தார். அவருடைய கட்டுரை 1862 பிப்ரவரி 1-ஆம் நாள் 'தி டைம்ஸ்' நாளிதழில் 'மரண நடனம்' என்னும் பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. தலையில் சூடும் ஒரு பச்சை அலங்காரத்தில் 20 பேரைக் கொல்லப் போதுமான பாஷாணம் இருப்பதாக அவர் எழுதினார். 20 கெஜம் மெல்லிய துணியில் தைத்த ஒரு நடன உடையில் 900 கிரெயின் வெள்ளைப் பாஷாணம் இருக்கலாம் என்றும் கணக்கிட்டார். இன்றைய அளவில் அது ஏறக்குறைய 58 கிராம். ஒரே இரவில் இத்தகைய உடையிலிருந்து 60 கிரெயின், அதாவது ஏறக்குறைய 4 கிராம் பொடி உதிரும் என்ற மற்றொருவரின் கணக்கையும் அதில் சேர்த்திருந்தார். ஒருவரைக் கொல்ல நான்கைந்து கிரெயின் போதும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு வாரத்தில் 'பஞ்ச்' நகைச்சுவை இதழ், எலும்புக்கூடு ஒன்று மற்றோர் எலும்புக்கூட்டை நடனத்திற்கு அழைப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. ஊர் சிரித்தது, கொஞ்சம் பயந்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தச் சித்திரத்தில் வருவது யார்? நடனத்திற்கு உடுத்திப் போகும் சீமானும் சீமாட்டியும். ஆனால் இறந்தது யார்? மெட்டில்டா. உடுத்தியவருக்கு ஓர் இரவு. தோலில் கொப்புளமோ எரிச்சலோ வரலாம். இலை செய்தவளுக்கோ நாள் முழுவதும், வாரம் முழுவதும், அதே பொடி. பிரான்ஸில் மருத்துவர் மாக்சிம் வெர்னுவா 1859-லேயே பூப் பட்டறைகளைப் பார்வையிட்டு, தொழிலாளர்களின் கைகளில் கண்ட புண்களைப் படத்துடன் வெளியிட்டிருந்தார். நோய் அறியப்படாதது அன்று. சொன்னதைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மாற்று வந்தது, நோயும் வந்தது

பிரிட்டனில் 1851-இல் ஒரு பாஷாணச் சட்டம் இருந்தது. ஆனால் அது கடையில் சில்லறையாக விற்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம். வாங்குபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சொன்னது. சிட்டிகை பாஷாணம் வாங்கக் கையொப்பம் வேண்டும். பட்டறையில் கூடை கூடையாகப் பெண்கள் கையில் கொடுக்க எந்தத் தடையும் இல்லை! தொழிற்சாலைகளில் ஆர்சனிக் நஞ்சேற்றம் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1895-இல்தான் வந்தது. மெட்டில்டா இறந்து 34 ஆண்டுகள் கழித்து!

மரகதப் பச்சை உடைகளிலிருந்து விலகியதற்கு அச்சமும் காரணம், புதிய சாயங்களும் காரணம். ஹோப்மனின் மாணவர் வில்லியம் பெர்க்கின் 1856-இல், தம் 18-ஆவது வயதில், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் கண்டுபிடித்தார். அந்த வழியிலேயே 1862-இல் ஆல்டிஹைடு பச்சையும் 1877-இல் மாலகைட் பச்சையும் வந்தன. இவை நூலைப் பற்றும் உண்மையான சாயங்கள். பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் இனிப் பச்சை கடினமான நிறம் இல்லை.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1895-இல், பிரிட்டன் அந்தச் சட்டத்தை இயற்றிய அதே ஆண்டில், ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் ஓர் அறிக்கை தந்தார். செந்நிறச் சாயம் தயாரிக்கும் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவதை அவர் கண்டிருந்தார். பழைய நஞ்சு போய்ப் புதிய நஞ்சு வந்தபோதும் முதலில் விழுந்தது செய்பவர் மீதுதான்.

அந்தப் பச்சையும் முற்றாக மறையவில்லை. 1860-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க உழவர்கள் உருளைக்கிழங்குச் செடியைத் தின்னும் வண்டுகளைக் கொல்ல அதையே தூவினார்கள். நடன அரங்கை அலங்கரித்த பொடி, பூச்சிமருந்தாகி வயலுக்குப் போனது.

பாட்டியின் கைகள்

பூச்சிமருந்து என்ற சொல்லைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால் என் பாட்டி தோட்டத்தில் மருந்தடித்தவர்.

மலாயா ரப்பர் தோட்டங்களில் லாலான் புல்லையும் களைகளையும் ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்ற களைக்கொல்லியைப் பயன்படுத்தினார்கள். அதுவும் ஆர்சனிக்தான். 1960-களில் அதற்கு மாற்றாகப் பாராகுவாட் வந்தது. முதுகில் பம்பைச் சுமந்து அந்த மருந்துகளை அடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். பாராகுவாட்டுக்கு நம் நாட்டில் 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது.

விடுமுறையில் வீட்டிற்குப் போனபோது பாட்டியிடம் கேட்டேன். அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

"மொதல்ல வந்த மருந்து ரொம்பப் பொல்லாதது. அடிச்ச புல்ல மேஞ்ச மாடெல்லாம் செத்துரும். அப்புறம் பச்சையா ஒண்ணு வந்துச்சு. அது மாட்டக் கொல்லாதுன்னு சொன்னாங்க. அதுலதான் எங்க நகமெல்லாம் போச்சு," என்றார்.

"கையுறை குடுக்கலையா பாட்டி?"

"குடுத்தாங்க, ஒரு வாட்டி. கிழிஞ்சதும் கேட்டா சம்பளத்துல புடிப்பாங்கன்னு யாரும் கேக்கல."

பாட்டியின் வலக்கை விரல்களில் இரண்டு நகங்கள் இன்றும் கோணலாகத்தான் வளர்கின்றன. சிறுவயதில் அந்தக் கையால்தான் எனக்குச் சோறு ஊட்டினார். நகம் ஏன் அப்படி என்று கேட்க எனக்கு 22 வயது ஆக வேண்டியிருந்தது. அதற்கும் லண்டனில் ஒரு பெண் இறந்த கதையைப் படிக்க வேண்டியிருந்தது.

பாட்டியோடு சேர்ந்து மருந்தடித்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொன்னார். மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வருமாம். முப்பத்தைந்து வயதில் இறந்துவிட்டாராம். எதனால் என்று யாரும் சோதிக்கவில்லை. அவருக்காக எந்தப் பேராசிரியரும் இலையைச் சோதிக்கவில்லை. எந்த நாளிதழும் எழுதவில்லை. மெட்டில்டாவின் வயது, இறந்த நாள், ஈரலில் இருந்தது என்ன என்பது வரை இன்று எனக்குத் தெரியும். காரணம், யாரோ கேட்டார்கள், யாரோ எழுதினார்கள்.

நிறைவாக...

மாணவ நண்பர்களே, பச்சை வெல்வெட் ஆளைக் கொன்றது என்ற கதை சுவையானது, அதனால் பரவுகிறது. உடுத்திய சீமாட்டிக்காகப் பயப்படுவதோடு அது முடிந்துவிடுகிறது. செய்தவளை அது மறந்துவிடுகிறது. ஒரு பொருளின் வரலாற்றைப் படிக்கும்போது, 'இதை யார் உடுத்தினார்?' என்பதோடு நிறுத்தாமல், 'இதை யார் செய்தார், அவர் கை என்ன ஆயிற்று?' என்றும் கேட்போம்.

நம்மில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள், அல்லது தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள். மருந்தடித்த பாட்டிமாரும் அத்தைமாரும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எத்தனை நாள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அடுத்த விடுமுறையில் அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். என்ன மருந்து, என்ன நிறம், எந்த ஆண்டு, உடன் வேலை செய்தவர் யார், அவருக்கு என்ன ஆனது என்று எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி சொன்னதை நான் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினோரு பக்கங்கள் வந்திருக்கின்றன. நீங்களும் எழுதினால், நம் கழகத்தின் அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கலாம்.